21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்கப்பட்டால்: சிகிச்சையும் கடை மீதான நடவடிக்கையும் (நீலகிரி மாவட்டம்)

இப்பக்கம், மது அருந்திய நிலையில் உள்ள சிறார் மற்றும் இளையோரின் பெற்றோர், பாதுகாவலர், விடுதிக் காப்பாளர், ஆசிரியர் ஆகியோருக்கானது. முதலில் செய்ய வேண்டிய சிகிச்சை முறைகளும், பின்னர் மதுவை விற்ற கடையின் மீது நடவடிக்கை கோரும் வழிமுறைகளும் இதில் விளக்கப்பட்டுள்ளன.

முக்கியக் குறிப்புகள்

• தமிழ்நாட்டில் 21 வயது நிறைவடையாதவருக்கு மது விற்கக்கூடாது.
• 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பது, இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றமாகும். இப்பிரிவின்படி தண்டனை மதுவைக் கொடுத்தவருக்கே. அருந்திய சிறாருக்கு அன்று.
• காவல்துறை விசாரணைக்கோ ஊராரின் பேச்சுக்கோ அஞ்சி, மயங்கிய சிறாரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைக்கவும்.
• சிகிச்சையே முதற்கடமை. புகாரை மறுநாளும் அளிக்கலாம்.

சிறாரின் உடலில் மது செய்வது என்ன?

180 மி.லி. கொள்ளளவுள்ள ஒரு மதுபாட்டிலில், 42.8 விழுக்காடு செறிவுள்ள மது இருப்பின், அதில் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் உள்ளது. 45 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன், உணவு உண்ணாத நிலையில் இதனைக் குறுகிய நேரத்தில் அருந்தினால், அவனது 100 மி.லி. இரத்தத்தில் எத்தனாலின் அளவு சுமார் 200 மில்லிகிராமை எட்டக்கூடும். வாகனம் ஓட்டுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம் மட்டுமே என்பதுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரியவர் ஒருவருக்குத் தள்ளாட்டத்தை மட்டும் உண்டாக்கும் அளவு, முதன்முறையாக அருந்தும் சிறாருக்கு உணர்விழப்பை உண்டாக்கலாம்.

மது, கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் உற்பத்தி செய்வதைத் தடுக்கிறது. சிறாரின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. ஆதலால் அவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து, வலிப்பும் மயக்கமும் ஏற்படலாம். ‘போதையில் உறங்குகிறான்’ என்று குடும்பத்தினர் எண்ணும் நிலை, உண்மையில் சர்க்கரைக் குறைவால் வந்த மயக்கமாக இருக்கக்கூடும்.

மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கிறது. விளைவுகளை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் பகுதி கடைசியாகவே முதிர்ச்சியடைகிறது. இளம் வயதில் குடிக்கத் தொடங்குவோருக்குப் பிற்காலத்தில் மதுச் சார்பு நோய் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

நீலகிரியின் குளிரில் கூடுதல் ஆபத்து

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. உறைபனிக் காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. ‘குளிருக்குச் சிறிது மது நல்லது’ என்ற நம்பிக்கை தோட்டக் குடியிருப்புகளிலும் சுற்றுலாப் பயணிகளிடமும் பரவலாக உள்ளது. இது தவறான நம்பிக்கையாகும்.

மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. இதனால் உடல் கதகதப்பாவது போன்ற உணர்வு தோன்றும். ஆனால் உடலின் உட்புற வெப்பம் அதே வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். வெப்பத்தை உண்டாக்கும் நடுக்கமும் குறைந்துவிடும். திறந்த வெளியில் படுத்துறங்கும் சிறாரின் உடல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழ் சென்றால், அது உயிருக்கு ஆபத்தான தாழ்வெப்ப நிலையாகும். ஈர உடையும் காற்றும் இதனை விரைவுபடுத்தும்.

குளிரைப் போக்குவதற்காகக் கதவு, சன்னல்களை அடைத்து, அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, அவரை அங்கே படுக்க வைப்பது மற்றோர் ஆபத்து. கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு மணமற்றது. போதையிலிருப்பவர் மூச்சுத்திணறி எழுந்து வெளியேறவும் இயலாது.

அரிவாள் செல் இரத்தசோகை நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் பரம்பரை நோயாகும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952-ஆம் ஆண்டு இம்மலைப் பகுதியின் பழங்குடியினரிடமே கண்டறியப்பட்டது. மது உடலின் நீர்ச்சத்தைக் குறைக்கிறது. நீர்ச்சத்துக் குறைவும் குளிரும் சேரும்போது, இந்நோயுள்ளவருக்குக் கடும் வலி நெருக்கடி ஏற்படலாம். எனவே சிறாருக்கு இந்நோய் இருப்பின், மருத்துவரிடம் அதனை முதலிலேயே தெரிவிக்கவும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

1. பெயர் சொல்லி அழைத்தும் தோளைத் தட்டியும் பார்க்கவும். கண் விழிக்காவிட்டால் 108-ஐ அழைக்கவும்.
2. மூச்சைக் கவனிக்கவும். நிமிடத்திற்கு 8 முறைக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, இரண்டு மூச்சுகளுக்கிடையே 10 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தாலோ அவசர நிலையாகும்.
3. ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் செல்லாமல் வெளியேற இது உதவும்.
4. ஈர உடையை அகற்றி, உலர்ந்த உடை அணிவித்து, தலை உட்பட உடலைக் கம்பளியால் போர்த்தவும்.
5. நன்கு விழித்திருந்து, தானாக விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும்.
6. ஒரு நொடியும் தனியே விடவேண்டாம். வயிற்றிலுள்ள மது தொடர்ந்து இரத்தத்தில் கலப்பதால், குடிப்பதை நிறுத்திய பின்னரும் நிலைமை மோசமடையலாம்.

செய்யக்கூடாதவை

• விரலை விட்டோ உப்பு நீர் கொடுத்தோ வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம்.
• குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றவேண்டாம். நீலகிரியில் இது தாழ்வெப்ப நிலையை வரவழைக்கும்.
• காபி, மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவை போதையைத் தெளிவிக்கா. மயக்கத்திலிருப்பவரின் வாயில் எதையும் ஊற்றவேண்டாம்.
• ‘நடக்க வைத்தால் தெளிந்துவிடும்’ என்று நடக்க வைக்கவேண்டாம்.
• அடிக்கவோ, கைப்பேசியில் படமெடுத்துப் பகிரவோ வேண்டாம்.

எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது?

மலைப்பாதையில் நேரடியாகக் கோயம்புத்தூர் நோக்கிப் புறப்படுவதைத் தவிர்க்கவும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மூச்சுப்பாதை, சர்க்கரை, உடல் வெப்பம் ஆகிய மூன்றையும் சீர்செய்த பின்னரே பயணம் பாதுகாப்பானது. உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் அரசு லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் அருகிலுள்ளதை அணுகவும். மேல்சிகிச்சை தேவையெனில் மருத்துவரே பரிந்துரைத்து அனுப்புவார்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

மதுவின் விளைவை உடனே முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. உடல் அதனை வெளியேற்றும் வரை உயிரைக் காப்பதே சிகிச்சை. விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கப்படும். குறைவாயின் குளுக்கோஸ் செலுத்தப்படும். உடல் சூடேற்றப்படும். தேவையெனில் மூச்சுக்கு உதவி அளிக்கப்படும்.

தலைக்காயம் உள்ளதா என்றும் பார்க்கப்படும். சரிவுகளிலும் படிகளிலும் தடுமாறி விழுந்தவருக்கு மண்டைக்குள் இரத்தக்கசிவு இருக்கலாம். மதுவாடை வருவதாலேயே மயக்கத்திற்கு மதுதான் காரணம் என்று முடிவு செய்யக்கூடாது. விழுந்ததைப் பார்த்தவர் யாரேனும் இருப்பின், அதனைக் கட்டாயம் மருத்துவரிடம் கூறவும்.

அருந்தியது கடையில் வாங்கிய மதுவா, வேறு வழியில் பெற்றதா என்று மருத்துவர் கேட்பார். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அவர் இதைக் கேட்பதில்லை. கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் சிகிச்சை முற்றிலும் மாறுபடும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனாலின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். பார்வை மங்குதல், கடும் வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை தோன்றினால், போதை தெளிந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்பவும்.

அவசரச் சிகிச்சைக்குப் பெற்றோரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நண்பர்களோ விடுதிப் பணியாளரோ அழைத்து வந்தாலும் சிகிச்சை உடனே தொடங்கப்படும்.

சட்டம் கூறுவது என்ன?

வயது அடிப்படையில் இரு நிலைகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிவது புகார் அளிக்க உதவும்.

18 வயது நிறைவடையாதவர்: இளைஞர் நீதி (குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 77-ஆம் பிரிவின்படி, மருத்துவரின் உத்தரவின்றிக் குழந்தைக்கு மது, போதைப்பொருள் அல்லது புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மதுவை விற்கவோ, எடுத்துச் செல்லவோ, வாங்கி வரவோ குழந்தையைப் பயன்படுத்துவது 78-ஆம் பிரிவின்படி குற்றமாகும். இப்பிரிவுகள் கடைக்காரருக்கு மட்டும் உரியவை அல்ல. வாங்கிக் கொடுத்த நண்பரும், திருவிழாவில் ஊற்றிக் கொடுத்த உறவினரும் இவற்றுக்கு உட்பட்டவரே. குழந்தையைக் கடைக்கு அனுப்பி மது வாங்கிவரச் சொல்லும் பழக்கம் இருப்பின், அதனை இன்றே கைவிடவும்.

18 வயது நிறைவடைந்து, 21 நிறைவடையாதவர்: இவர்கள் மேற்கண்ட சட்டத்தின் பொருளில் குழந்தைகள் அல்லர். எனினும் இவர்களுக்கு மது விற்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை விதிகளை மீறுவதாகும். எனவே துறை நடவடிக்கை கோரலாம். கூடலூர், பந்தலூர் எல்லையை அடுத்துள்ள கேரளத்தில் இவ்வயது வரம்பு 23 ஆகும்.

யாருடைய உரிமம்? யார் மீது நடவடிக்கை?

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனையைத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) மட்டுமே நடத்துகிறது. ஆகவே ‘கடையின் உரிமத்தை ரத்து செய்யுங்கள்’ என்ற கோரிக்கை எல்லா இடத்துக்கும் ஒரே வகையில் பொருந்தாது. மது விற்கப்பட்ட இடம் எது என்பதை முதலில் உறுதி செய்யவும்.

• டாஸ்மாக் சில்லறைக் கடை: இங்குத் தனியார் உரிமதாரர் இல்லை. நடவடிக்கை, கடையின் மேற்பார்வையாளர் மற்றும் விற்பனையாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கையாக அமையும். கடை பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ மிக அருகில் இருப்பின், இடமாற்றமும் கோரலாம். விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், பிற பகுதிகளில் 100 மீட்டர் இடைவெளி தேவை. மனுவை டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பவும்.
• கடையை ஒட்டிய மதுக்கூடம்: இதனை ஒப்பந்தப்புள்ளி வழியாகத் தேர்வான தனியார் நடத்துகின்றனர். நிபந்தனை மீறல் மெய்ப்பிக்கப்பட்டால் அந்த உரிமத்தை ரத்து செய்யக் கோரலாம்.
• நட்சத்திர விடுதி மற்றும் மனமகிழ் மன்றத்தின் மதுக்கூடம்: இவை முறையே எஃப்.எல்.3, எஃப்.எல்.2 எனப்படும் உரிமங்களின்கீழ் இயங்குகின்றன. சுற்றுலாப் பருவத்தில் உதகை, குன்னூர் விடுதிகளில் இவ்வகை விற்பனை நிகழ வாய்ப்புண்டு. புகாரை மாவட்ட ஆட்சியரகத்திலுள்ள உதவி ஆணையர் (ஆயம்) அலுவலகத்திலும், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரிடமும் அளிக்கவும்.
• உரிமமற்ற இடம் (பெட்டிக்கடை, வீடு, வாகனம்): இங்கு மறுஆய்வு செய்ய உரிமமே இல்லை. இது முழுவதும் குற்ற நடவடிக்கைக்குரியது. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581-இல் தெரிவிக்கவும்.

புகார் அளிக்கும் முறை

1. நாள், நேரம், இடம், கடை எண், விற்றவரின் தோற்றம், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கவும். சிறாரைப் பலமுறை விசாரித்து அச்சுறுத்தவேண்டாம். தெளிந்த பின் ஒருமுறை அமைதியாகக் கேட்டாலே போதும்.
2. மதுபாட்டிலையும், ரசீது இருப்பின் அதனையும் அப்படியே வைத்திருக்கவும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே முதல் நீலகிரியில் காலி மதுபாட்டில்களை 10 ரூபாய் கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் நடைமுறையில் உள்ளது. சம்பவத்துக்குரிய பாட்டிலை மட்டும் அவ்வாறு திருப்பித் தரவேண்டாம். சிகிச்சைக்கும் விசாரணைக்கும் அது சான்றாகும்.
3. வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழின் நகலை இணைக்கவும்.
4. மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு, விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றின் நகலைக் கேட்டுப் பெறவும். வந்த நேரம், உடல்நிலை, அருந்தியதாகக் கூறப்பட்ட பொருள் ஆகியவை அதில் பதிவாகியிருக்கும்.
5. சிறார் 18 வயதுக்குட்பட்டவராயின், காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் மனு அளித்து, மனு ஏற்பு ரசீது பெறவும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் உதவும்.
6. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம். முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-இலும் பதிவு செய்யலாம்.
7. பதில் வராவிடில், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி ‘எனது மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’ என்று கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, வழக்குத் தொடர்புடைய குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆகவே நீதி கேட்கும் நோக்கில்கூடச் சிறாரின் படத்தையோ பள்ளியின் பெயரையோ சமூக ஊடகங்களில் பகிரவேண்டாம்.

உடல்நலத்திற்கும் உரிமத்திற்கும் என்ன தொடர்பு?

மதுவால் 2019-இல் உலகெங்கும் 26 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இளையோர் குடிப்பதைக் குறைப்பதில், அறிவுரையைப் போலவே மது எளிதில் கிடைக்காமல் செய்வதும் முக்கியம். இதனால் சில நாடுகளில் உரிம மறுஆய்வில் மருத்துவத் துறைக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, உள்ளூர்வாசி ஒருவரும் கடையின் உரிமத்தை மறுஆய்வு செய்யக் கோரலாம். 2012 முதல் பொதுச் சுகாதார அமைப்புகளும் கோரலாம். உள்ளாட்சி மன்றம் இருதரப்பையும் கேட்டு, நிபந்தனைகளை மாற்றலாம், 3 மாதம் வரை நிறுத்திவைக்கலாம், அல்லது உரிமத்தை ரத்து செய்யலாம். ஸ்காட்லாந்தில் பொதுச் சுகாதாரத்தைப் பாதுகாப்பது உரிமச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதப்பட்டுள்ளது.

நம் மாநிலத்தின் அமைப்பு வேறு. எனினும் அடிப்படை ஒன்றே: எழுத்தில் வராத விற்பனை, எவர் பார்வைக்கும் வருவதில்லை. ஒரு கடையிலிருந்து வாங்கியவர்களுள் மருத்துவமனைக்கு வந்து சேர்பவர் ஒருவராக இருக்கலாம். அவருக்காக எழுதப்படும் ஒரு மனு, அதே கடைக்குச் செல்லவிருக்கும் பிற சிறாரையும் காக்கும்.

வீடு திரும்பிய பின்

முதல் சில நாள்களில் கண்டிப்பைவிட உரையாடலே பயன் தரும். யாருடன், எதனால், எத்தனை முறை என்று கேட்கவும். நண்பர்களின் வற்புறுத்தல், பள்ளி இடைநிற்றல், வீட்டில் பெரியவரின் குடிப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் பின்னணியில் இருக்கலாம். மீண்டும் குடித்தல், தனியே குடித்தல், பணம் காணாமற்போதல், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவை இருப்பின், மனநல மருத்துவரின் உதவியைத் தாமதமின்றிப் பெறவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் என் மகன் மீது வழக்கு வருமா?
பதில்: சிகிச்சை பெறுவது குற்றமன்று. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் அளிக்க நேர்ந்தாலும், 77-ஆம் பிரிவின் கீழ் விசாரணைக்குரியவர் மதுவைக் கொடுத்தவரே.

கேள்வி: மகளுக்கு வயது 19. கடைக்காரர் ‘பெரியவர்போல் தெரிந்தார்’ என்கிறார். புகார் அளிக்கலாமா?
பதில்: அளிக்கலாம். வயதில் ஐயம் ஏற்படின் வயதுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது விற்பவரின் பொறுப்பு.

கேள்வி: வாங்கிக் கொடுத்தவர் எங்கள் உறவினர். கடையின் மீது தவறு உண்டா?
பதில்: வயது வந்தவருக்கு விற்றது கடையின் தவறாகாது. ஆனால் சிறாருக்குக் கொடுத்த உறவினர் பொறுப்பாவார். இனி நிகழாதிருக்கக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசனையைப் பெறவும்.

உதவி எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
குழந்தைகள் உதவி: 1098
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
போதை மீட்பு ஆலோசனை: 14446
மதுவிலக்கு அமலாக்கப் புகார்: 10581
காவல் அவசர உதவி: 112

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மயக்கம், வலிப்பு, மூச்சுத் தடை ஆகியவற்றுள் எது இருந்தாலும், மேலும் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்கவும்.